பூனைக்குட்டியோடு வந்த தெள்ளு

போன மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்து நோட்டை மூடுகிற நேரம். ஒரு அக்கா எழுந்து கேட்டார்: "கேழ்வரகு மூட்டையை எலி கடிக்குதுன்னு ஒரு பூனைக்குட்டி கொண்டாந்தேன். பத்தே நாள்ல வீடு பூரா தெள்ளு. பேரப்பிள்ளைக்கு கணுக்கால் எல்லாம் தடிப்பு. தக்காளிக்கு அடிச்ச மருந்து கொஞ்சம் மிச்சம் இருக்கு. தண்ணியில கலந்து குட்டிக்குப் பூசலாமா?"

பாதிப் பேர் "பூசலாம், நாங்களும் பூசியிருக்கோம்" என்றார்கள். மீதிப் பேர் பேசாமல் இருந்தார்கள். பூசக்கூடாது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பூசாதீங்க. தெள்ளு சாகும் முன்னால் குட்டி செத்துப் போகும்.

சூளகிரி பக்கம் தக்காளி, கொத்தமல்லி, கோஸ், ரோஜா என்று எது போட்டாலும் மருந்தடிக்காமல் முடிவதில்லை. அதனால் அனேகம் வீட்டில் ஒரு மூலையில் பாதி பாட்டில் இருக்கும். அது இலைக்கு அளந்து வைத்த விஷம், தோலுக்கு அல்ல. அதோடு பூனை தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்கிற பிராணி. மேலே எதைப் பூசினாலும் நக்கி நக்கி அதன் வயிற்றுக்குள் போய்விடும். இன்னொரு விஷயமும் உண்டு. நாய்க்கும் மாட்டுக்கும் கேடு செய்யாத சில மருந்துகளைப் பூனையின் ஈரலால் முறித்து வெளியேற்ற முடியாது. பெர்மெத்ரின் என்கிற மருந்து அப்படிப்பட்டது. நாய்க்குப் போடுகிற உண்ணி மருந்துகள் சிலவற்றில் அது இருக்கிறது. "நாய்க்குத்தானே போட்டோம், நல்லாத்தானே இருக்கு" என்று அதே மருந்தைக் குட்டிக்கு ஊற்றினால் கை கால் உதறி வலிப்பு வரும். ஆடு மாட்டுக்கு உண்ணி போகத் தடவுகிற மருந்தும் வேண்டாம். பினாயில், மண்ணெண்ணெய், புகையிலைத் தண்ணீர், கற்பூரம், பாச்சா உருண்டை, வேப்பெண்ணெய் இவையும் வேண்டாம். மஞ்சள் பூசலாமா என்றும் ஒருவர் கேட்டார். பூசினால் பூனை மஞ்சளாகும், தெள்ளு சாகாது.

வயதானவர்கள் காமாக்சின் பவுடர் தூவிய காலத்தைச் சொல்வார்கள். அந்த பி.எச்.சி. மருந்து இந்தியாவில் 1997-லேயே தடை செய்யப்பட்டது. பழைய டப்பா எங்காவது பரணில் கிடந்தால் அதைத் திறக்காதீங்க. குழந்தை தவழ்கிற தரையில் தூவுகிற பொருள் அல்ல அது.

குட்டிக்கு என்ன ஆகிறது?

தெள்ளு கடித்தால் அரிப்புதானே என்று நினைக்கிறோம். பெரிய பூனைக்கு அது சரி. குட்டிக்கு அது ரத்தக் கணக்கு. அரை கிலோ எடையுள்ள குட்டியின் உடம்பில் இருப்பதே ஏறக்குறைய 30 மில்லி ரத்தம்தான். இருமல் மருந்து மூடியில் ஊற்றினால் மூன்று மூடி. எழுபது பெண் தெள்ளு சேர்ந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லி குடித்துவிடும். பத்து நாள் இப்படியே விட்டால் என்ன ஆகும் என்று கணக்கு நோட்டு எழுதுகிற நமக்குத் தெரியும்.

முகாமில் நம் கண் இமையை இழுத்துப் பார்த்து ரத்தசோகை என்று சொல்வார்களே, அதே மாதிரி குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க. இளஞ்சிவப்பாக இருந்தால் பரவாயில்லை. வெளுத்துப் போய், குட்டி சோர்ந்து, உடம்பு சில்லென்று இருந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போகவேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. ஆட்டுக்குட்டிக்கும் இதே கதைதான். குழுக் கடனில் வெள்ளாடு வாங்கியவர்கள், குட்டி போட்ட பட்டியில் தெள்ளு இருக்கிறதா என்று பாருங்க. பால் குடித்தும் தேறாத குட்டிக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அது தெள்ளுதானா, வெறும் அழுக்கா என்று தெரிய ஒரு சின்ன வழி உண்டு. ஈரமான வெள்ளைத் துணியை விரித்து, குட்டியை அதன்மேல் நிறுத்தி, பேன் சீப்பால் முதுகையும் வால் அடியையும் சீவுங்க. கருப்பு மிளகுத் தூள் மாதிரி விழும். ஈரம் பட்டதும் அது செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு. அந்தக் கழிவு குட்டியின் ரத்தம்தான், செரித்து வெளியே வந்தது.

குளிப்பாட்டுவது

வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தைக்குப் போடுகிற சாதாரண சோப்பு, பேன் சீப்பு, இரண்டு பழைய துணி இருந்தால் போதும். முதலில் கழுத்தைச் சுற்றி நுரை கட்டி ஒரு வளையம் போடுங்க. இதை மறந்தால் தண்ணீர் பட்டதும் தெள்ளு எல்லாம் முகத்துக்கும் காதுக்கும் ஓடிவிடும். பிறகு உடம்பு, வயிறு, கால் இடுக்கு, வால். கண்ணிலும் காதிலும் சோப்பு போகவேண்டாம். நுரையோடு நன்றாகச் சீவுங்க. சீப்பில் வருவதை சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் தட்டுங்க. வெறும் தண்ணீரில் தெள்ளு மிதந்து குதித்து வந்துவிடும், சோப்புத் தண்ணீரில் மூழ்கிவிடும்.

கழுவி முடித்ததும் ஈரம் போகத் துடைத்து, வெயிலிலோ மடியிலோ வைத்துச் சூடு கொடுக்கணும். நம்ம பக்கம் மார்கழிக் குளிரில் சாயந்திரம் குளிப்பாட்டினால் தெள்ளு விட்டாலும் குளிர் விடாது. பகல் பதினொரு மணிக்கு மேல் செய்யுங்க. அதற்குப் பிறகு தினமும் சீப்பு மட்டும் போதும், தினமும் குளியல் வேண்டாம். பிடிக்கும்போது பிறாண்டினாலோ கடித்தாலோ அந்த இடத்தை சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. வெறிநாய்க்கடி நோய் பூனையாலும் வரும்.

குட்டிக்கு எட்டு வாரம் தாண்டிவிட்டால் பின்கழுத்தில் விடுகிற சொட்டு மருந்து மாதிரி பூனைக்கென்றே இருப்பவை உண்டு. அதை மருத்துவர் எடையும் வயதும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். போகும் முன் குட்டியைப் பையில் போட்டு மளிகைக் கடைத் தராசில் எடை போட்டுக்கொண்டு போனால் நல்லது. வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் அன்றே கேட்டு வாங்குங்க. ஒன்றுக்குப் போட்டு ஒன்றை விட்டால் பலன் இல்லை.

தெள்ளு பூனை மேல் இல்லை, வீட்டில் இருக்கிறது

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தோம். நூறு தெள்ளு இருக்கிற வீட்டில், முட்டை, புழு, கூடு எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால், பூனை மேல் இருப்பது சுமார் ஐந்துதான். மீதி தொண்ணூற்றைந்து உங்கள் தரையில், பாயில், சாக்கில். பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரை இடும். முட்டை வழுவழுப்பானது, முடியில் ஒட்டாது. பூனை எங்கே படுக்கிறதோ அங்கே உப்புத் தூள் மாதிரி உதிரும். அதிலிருந்து புழு வரும். வெளிச்சத்துக்குப் பயந்து சந்துக்குள் ஒளிந்து, அந்தக் கருப்புக் கழிவைத் தின்று வளரும். பிறகு தூசியை மேலே ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் மருந்து போகாது. உள்ளே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்கும். நடக்கிற அதிர்வு, உடம்புச் சூடு, மூச்சு இவை பட்டால்தான் வெளியே வரும்.

பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போய் பத்து நாள் கழித்துக் கதவைத் திறந்ததும் காலைப் பிடுங்குகிறதே, அதற்குக் காரணம் இதுதான். ஊரில் இல்லாதபோது யாரோ செய்வினை வைத்துவிட்டதாக ஒரு வீட்டில் சண்டையே நடந்தது.

கடும் வெயிலும் காய்ச்சலும் தெள்ளுப் புழுவுக்கு ஆகாது. மிதமான சூடும் ஈரமும்தான் அதற்குப் பிடிக்கும். சமவெளியைவிட நம்ம சூளகிரி, ஓசூர் மேடு குளிர்ச்சியானது. மழை விட்டபின் அதற்குச் சுகமோ சுகம்.

ஆகவே செய்யவேண்டியது இது. பூனைக்கு ஒரே ஒரு படுக்கை வையுங்க, பழைய புடவைத் துண்டு போதும். மூன்று நாளுக்கு ஒருமுறை அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு வெயிலில் உலர்த்துங்க. பாய், கம்பளி, தலையணை, கோணிச்சாக்கு எல்லாம் நல்ல வெயிலில் திருப்பித் திருப்பிப் போடுங்க. தினமும் மூலை முடுக்கு, கட்டில் அடி, மூட்டை அடியெல்லாம் பெருக்கி, அந்தக் குப்பையை வாசலில் கொட்டாமல் சோப்புத் தண்ணீரில் போடுங்க. மண்தரை வீடென்றால் வெடிப்புகளை மண் குழைத்து அடைத்து மெழுகிவிடுங்க. ராத்திரி விளக்கின் கீழே அகலத் தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்தால் வெளிச்சத்துக்கு வருகிற தெள்ளு விழும். அதனால் வீட்டுத் தெள்ளு தீர்ந்துவிடாது. ஆனால் தினமும் எத்தனை விழுகிறது என்று எண்ணினால் குறைகிறதா என்பது தெரியும்.

இதை ஒரு வாரத்தோடு விட்டுவிடுகிறோம், அங்கேதான் தோற்கிறோம். கூட்டுக்குள் இருப்பவை பின்னால் வரும். விரதம் இருக்கிற மாதிரி ஒரு மண்டலம், 48 நாள், விடாமல் செய்யணும். கம்பெனி பஸ் பிடித்து ஷிப்டுக்குப் போகிற மகள், மருமகள் இருந்தால் தினமும் அவர்களால் ஆகாது. பாய் உதறுகிற வேலையை வீட்டு ஆண்களிடம் கொடுங்க, ஒன்றும் குறைந்துவிடாது.

எலியும் தெள்ளும்

நம்ம ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரா மூன்றும் சேர்கிற இந்த மேட்டுநிலம் ஒருகாலத்தில் பிளேக் நோயின் இருப்பிடம். 1898-ல் பெங்களூருவில் பிளேக் வந்து ஊரே காலியானது. அதே வருடம்தான் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், எலியிடமிருந்து நோயைக் கொண்டுபோவது தெள்ளுதான் என்று கராச்சியில் சோதனை செய்து காட்டினார். பக்கத்துக் கோலார் மாவட்டம் முல்பாகல் பகுதியில் 1966-ல் ஒருவருக்குப் பிளேக் கண்டார்கள். அதற்குப் பிறகு 1994-ல் சூரத்திலும் பீடிலும் வரும்வரை நாட்டில் மனிதரிடம் பதிவில்லை. ஓசூரில் பூச்சி வழியும் விலங்கு வழியும் பரவும் நோய்களைக் கவனிக்க சுகாதாரத் துறையின் நிறுவனம் ஒன்று இருக்கிறது.

பயப்படச் சொல்லவில்லை. பூனைத் தெள்ளு வேறு, பிளேக்கைப் பரப்பிய எலித் தெள்ளு வேறு. இன்று அந்த நோய்க்கு மருந்தும் உண்டு. ஆனால் எலி செத்தால் அதன் மேலிருந்த தெள்ளு சூடான வேறு உடம்பைத் தேடி இறங்கும், பூனையானாலும் சரி, பிள்ளையானாலும் சரி. அதனால் வீட்டில் எலி மருந்து வைத்துவிட்டுப் பூனையும் வளர்க்காதீங்க. விஷம் தின்ற எலியைத் தின்று பூனையும் சாகலாம். மருந்து வைக்காமலே வீட்டிலோ வயலிலோ ஒன்றுக்குமேல் எலி தானாகச் செத்துக் கிடந்தால் கையால் தொடாமல் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்க. அந்த நேரத்தில் யாருக்காவது கடும் காய்ச்சலோடு அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டினால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையம்.

ஆடு, மாடு, பூனை, நாய் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஊரிலேயே கால்நடை முகாம் வேண்டுமென்றால் குழுத் தீர்மானம் எழுதி, ஊராட்சி வழியாகக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்க. அவசரத்துக்குக் கால்நடை உதவி எண் 1962. பூச்சி மருந்து தவறிக் குழந்தை வாயில் பட்டுவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்க. மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்க, எந்த மருந்து என்று டாக்டர் பார்க்கணும்.