பழைய டீசல் பிக்கப் வாங்குமுன்

மலைத் தோட்டங்களிலிருந்து விளைபொருளை இறக்குவதற்கு, நான்கு சக்கரங்களும் இழுக்கும் டீசல் பிக்கப் மிகவும் ஏற்றது. புதியதன் விலைக்கு அஞ்சிப் பழையதை நாடும் அங்கத்தினர்கள், முன்பணம் கொடுக்குமுன் கவனிக்க வேண்டியவற்றை ஈண்டுக் கூறுகிறோம்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையிலேயே வண்டியைப் பார்ப்பது நலம். முன்னரே சூடேற்றி வைத்த எஞ்சின் தன் குறையை மறைத்துவிடும். நீலப் புகை நீடித்தால் எஞ்சின் ஆயிலும் சேர்ந்து எரிகிறது என்று அறியலாம். அதைச் சீர்செய்யச் செலவு மிகுதியாகும். கரும்புகைக்குக் காற்று வடிகட்டியின் அடைப்போ, இன்ஜெக்டர் பழுதோ காரணமாகலாம்.

முன்சக்கர இழுவையை விற்பவர் சொல்லை மட்டும் கொண்டு நம்பலாகாது. நெடுநாள் பயன்படுத்தாத வண்டியில் அதன் லீவர் இறுகிப் போயிருக்கக்கூடும். ஈரமண்ணில் அதை இயக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். உலர்ந்த தார்ச்சாலையில் அவ்வாறு இயக்கி வளைத்து ஓட்டினால் பற்சக்கரங்களுக்குத் தீங்கு நேரும். நான்கு டயர்களும் ஒரே அளவினவாக இருத்தல் அவசியம். சேஸிஸில் துருவும் புது வெல்டிங்கும் உளவா என்று வண்டியின் அடியிலும் நோக்குக.

சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்துடன் ஒத்திருக்க வேண்டும். உரிமை மாற்றத்திற்குப் படிவங்கள் 29, 30 தேவை. வண்டியின்மேல் கடன் இருந்திருப்பின், அது தீர்ந்ததற்குப் படிவம் 35 தேவை. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்கும் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் அரைநாள் கூலி, ஓராண்டு உழைப்பின் பலனைக் காக்கும்.