வட்டக்கச்சி வயலில் மெண்டலின் கணக்கு, தெரியுமா?

இரணைமடுத் தண்ணீர் பாயும் வட்டக்கச்சி வயல்களில் காலபோக நெல் கதிர் தள்ளும் நேரம் வரம்பில் நின்று பாருங்கள். பயிர் இடுப்பைத் தாண்டாது. பாட்டன்மார் விதைத்த நெல்லோ நெஞ்சுமட்டம் வளரும். பசளை கொஞ்சம் கூடி, மழையோடு காற்றும் சேர்ந்தால் கதிர்ப்பாரம் தாங்காமல் படுத்துவிடும். இன்றைய நெல் ஏன் படுக்காமல் நிற்கிறது தெரியுமா? ஒரேயொரு பரம்பரையலகு பழுதானதால்!

1962இல் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பீட்டர் ஜெனிங்ஸ் என்பவர் இந்தோனேசியாவின் உயரமான ‘பேட்டா’ நெல்லையும் தாய்வானின் குட்டை நெல்லான ‘டீ-ஜியோ-வூ-ஜென்’னையும் கலந்தார். முதல் தலைமுறை முழுக்க உயரம். குட்டை எங்கே போனது? ஒளிந்திருந்து இரண்டாம் தலைமுறையில் வெளியே வந்தது, ஏறத்தாழ மூன்று உயரத்துக்கு ஒரு குட்டை! பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் மெண்டலின் பட்டாணிக்குப் போடும் அதே 3:1. அந்தக் குட்டைகளிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான் 1966இல் வந்த ஐ.ஆர். 8.

இதைவிட வியப்பு இன்னொன்று. 1866இல் வெளியான மெண்டலின் ஆய்வில் வரும் குட்டைப் பட்டாணிக்கும் இந்தக் குட்டை நெல்லுக்கும் கிட்டிய உறவே இல்லை. ஆனால் இரண்டிலும் குறைந்தது ஒரே ஓமோன்: தண்டை நீளச்செய்யும் ஜிபரலின். அதைச் செய்யும் நொதியங்களில் பட்டாணியில் ஒன்று கெட்டது, நெல்லில் வேறொன்று கெட்டது. அந்த ஓமோனுக்கு வழிகாட்டியதும் நெல்தான்! நாற்றுகளை அளவுமீறி நெடுக வளர்த்துச் சாகடிக்கும் ஒரு நோயை ஆராய்ந்த ஜப்பானியர் குரோசாவா, பங்கசு சுரக்கும் பொருள்தான் அதற்குக் காரணம் என்று 1926இல் காட்டினார். பட்டாணியை வயலில் கண்டிராத வன்னிப் பிள்ளைக்கு மெண்டலை நெல்லில் தொடங்கிச் சொல்லலாமே!

சரி, ஒரு சிவப்பு நெல்லை உமி நீக்கி உள்ளங்கையில் வையுங்கள். மேலே இருக்கும் சிவப்புத் தவிடு தாய்ச்செடியின் இழையம். அந்த நிறத்தில் தகப்பன் மகரந்தத்துக்குப் பங்கே கிடையாது. உள்ளே சோறாகும் மாப்பகுதியில் தாயின் பங்கு இரண்டு, தகப்பனின் பங்கு ஒன்று. ஓரத்தில் ஒட்டியிருக்கும் முளையத்தில்தான் சரிபாதி. ஒரு மணிக்குள் மூன்று கணக்கு!

அந்தச் சிவப்புத்தான் ஆதி நிறம். நெல்லின் மூதாதையான காட்டுநெல்லின் அரிசி சிவப்பு. ஏழாம் நிறமூர்த்தத்தில் ஒரு பரம்பரையலகிலிருந்து 14 மூலச்சோடிகள் விடுபட்டுப்போன விகாரம்தான் உலகத்து வெள்ளை அரிசியில் மிகப்பெரும் பகுதிக்குக் காரணம். நம் சிவப்பு நெல்லான மொட்டைக்கறுப்பனைத் தாழ்ந்த அரிசி என்று ஒதுக்கியவர்கள் இதை அறிந்திருந்தால்!

கதிரிலிருந்து மணி உதிராமல் அரிவிவெட்டு வரை காத்திருப்பதும் விகாரத்தின் கொடை. காட்டுநெல் பழுத்ததும் கொட்டிவிடும். களைநெல்லும் அப்படியே. இளம்பயிரில் நெல்லைப்போலவே இருந்து களைபிடுங்குகிறவரின் கண்ணை ஏமாற்றுகிறது, வெட்டு மெசின் வருமுன் மண்ணில் உதிர்ந்து அடுத்த போகத்துக்கு இடம் பிடிக்கிறது. போகத்துக்குப் போகம் அதற்குத் தேர்வு நடத்துவது நம் கைகளே. கூர்ப்பைப் பார்க்கக் கலாபாகோஸ் தீவுவரை போகவேண்டியதில்லை!

அறக்கொட்டியின் கதை இன்னும் வேகமானது. இந்தக் கபிலநிறத் தத்தியைத் தாங்கும் ஒரு பரம்பரையலகுடன் 1973இல் ஐ.ஆர். 26 வெளிவந்தது. சில ஆண்டுகளில் தத்திகள் அதையும் உறிஞ்சத் தொடங்கின. அவை புதிதாக எதையும் பழகவில்லை. அந்த நெல்லில் பிழைக்கக்கூடிய சில தத்திகள் கூட்டத்துக்குள் முன்பே இருந்தன. மற்றவை மடிய, அவற்றின் சந்ததி பெருகியது. பூச்சிக்கு ஒரு தலைமுறை சில வாரங்கள்தான் என்பதை மறக்கக்கூடாது.

அப்போது ஆய்வாளர்கள் தேடிப்போனவற்றில் ஒன்று எது தெரியுமா? இலங்கையின் பழைய சிவப்பு நெல் ‘ரத்து ஹீனட்டி’! அதன் எதிர்ப்பு பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. ஏன் என்பதற்கு 2015இல் ஒரு விடை கிடைத்தது: ஒன்றல்ல, மூன்று பரம்பரையலகுகள் நிறமூர்த்தத்தில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து சேர்ந்தே தத்தியை எதிர்க்கின்றன.