சீனாவில் கிடைக்காத சீனச் சாப்பாடு

சிங்கப்பூரில் எந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பேட்டைக்குப் போனாலும் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு காப்பிக்கடை இருக்கும். அதற்குள் கோழிச்சோறு விற்பவர், மீ விற்பவர், ரொட்டி பிராட்டா போடுபவர் என்று வரிசையாகக் கடைகள். வரிசையின் கடைசியில், மற்றவர்களைவிட இரண்டு மடங்கு இடத்தை வளைத்துப் போட்டுக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் அடுப்பை உறுமவிடுகிற கடைதான் ‘ஸீ சார்’. வெள்ளைச் சோற்றை ஆளுக்கொரு தட்டில் வாங்கிக்கொண்டு, நடுவில் நாலைந்து கறிகளை வைத்துக் குடும்பமாகப் பகிர்ந்து சாப்பிடும் சீனக்கடை. மேசைவிரிப்பு கிடையாது. பணிவிடையில் பணிவும் கொஞ்சம் குறைவுதான்.

சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். காப்பித்தூள் குழம்பில் புரட்டிய பன்றி விலா. ஓவல்டின் பூசிய விலா. ஆங்கிலேயர் ரொட்டியில் தடவும் மார்மைட்டைப் பாகாய்க் காய்ச்சி அதில் உருட்டிய கோழி. காலையில் பாலில் கலந்து குடிக்கிற நெஸ்டம் மாவை மொறுமொறுவென்று தூவிய இறால். உப்பில் ஊறிய வாத்துமுட்டையின் மஞ்சள் கருவில் தோய்ந்த கணவாய். சீனாவிலிருந்து அண்மையில் வந்து குடியேறியவர்கள் இந்தப் படங்களின் முன்னால் நின்று விழிப்பதைப் பார்க்கலாம். அவர்கள் ஊரில் இவற்றில் பாதிக்கு மேல் கிடையாது.

முன்பு இந்த ஊர்ச் சீனக்கடையில் அபூர்வமான சாப்பாடு என்றால் வேறு பொருள். சைனாடவுனில் டிரங்கானு ஸ்திரீட் பக்கம் போனால் கூண்டுக்குள் ஆமை, உடும்பு, பழந்தின்னி வௌவால், எறும்புத்தின்னி, மலைப்பாம்பு எல்லாம் இருக்கும். கைகாட்டினால் அங்கேயே அறுத்துத் தருவார்கள். சூப்பு வைத்துக் குடித்தால் உடம்புக்குத் தெம்பு, இழைப்புக்கு மருந்து என்று நம்பிக்கை. 1980கள் வரைக்கும் இது நடந்தது. அருகிவரும் விலங்குகளுக்கான சட்டம் 1989இல் வந்தபின் அந்தக் கூண்டுகள் காலியாயின. போனதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எறும்புத்தின்னியைச் சாப்பிட்டுத்தான் நாக்குக்கு நயம் வரவேண்டும் என்றில்லை. தவளை மட்டும் பண்ணையில் வளர்க்கிற பிராணியாகி நிலைத்துவிட்டது. கேலாங் வட்டாரத்தில் இன்றும் நள்ளிரவில், மண்சட்டியில் காய்ந்த மிளகாயோடு கொதிக்கும் தவளைக்கும் ஒரு கிண்ணம் கஞ்சிக்கும் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

இப்படி விலங்கில் இருந்த விசேஷம் மெல்லக் கைப்பக்குவத்துக்கு நகர்ந்தது. அதற்கு நல்ல சாட்சி மிளகாய் நண்டு. 1950களின் நடுவில் கிழக்குக் கரையோரம் சேர் யாம் தியென் என்ற பெண்மணியும் அவர் கணவர் லிம் சூன் நீயும் தள்ளுவண்டி வைத்திருந்தார்கள். அதற்கு முன்பு, கணவர் கரையில் பிடித்துவந்த நண்டுகளை மனைவி வீட்டில் அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தினமும் அவித்த நண்டா, வேறு மாதிரி செய்யேன் என்று கணவர் கேட்க, முதலில் போத்தல் தக்காளி சாஸ் சேர்த்துப் பார்த்தார். இனிப்பு தூக்கலாக இருந்ததால் மிளகாய் சாஸையும் ஊற்றினார். அக்கம்பக்கத்தார் ருசித்துவிட்டு விற்கச் சொன்னார்கள். சில மேசை, சில முக்காலி, மண்ணெண்ணெய் விளக்கு, கடல்காற்று என்றுதான் வியாபாரம் தொடங்கியது. 1960களில் அது ‘பாம் பீச்’ என்ற உணவகமாயிற்று.

இன்று அந்த இடத்தைத் தேடிப்போனால் கடல் இல்லை. 1966இல் தொடங்கிக் கடலைத் தூர்த்துக்கொண்டே போனதில் கரை வெகுதூரம் தள்ளிப்போய்விட்டது. இடையில் விரைவுச்சாலை, பூங்கா, ஆயிரக்கணக்கான வீடுகள். நண்டுக்கடைகள் கடலைத் துரத்திக்கொண்டு புதுக்கரைக்கு நகர்ந்தன. 1985இல் கிழக்குக் கடற்கரையில் அவற்றுக்கென்றே ஒரு கடலுணவு நிலையம் கட்டிக்கொடுத்தார்கள்.

இன்று நாம் சாப்பிடுகிற மிளகாய் நண்டு அந்த அம்மாள் செய்ததே அல்ல என்று சொல்பவர்களும் உண்டு. 1963இல் ‘டிராகன் ஃபீனிக்ஸ்’ உணவகத்தைத் தொடங்கிய ஹூய் கோக் வாய், போத்தல் சாஸுக்குப் பதிலாக அரைத்த மிளகாய்ச் சம்பலையும் தக்காளி விழுதையும் போட்டு, இறக்கும்போது முட்டையை உடைத்து ஊற்றினார். இன்று எல்லாக் கடையிலும் குழம்பு கெட்டியாக, முட்டை நூல்நூலாய் ஓடுவது அவர் வழி. சிங்கப்பூர்ச் சீனச் சமையலின் ‘நான்கு அரசர்கள்’ என்று பேரெடுத்த சமையல்காரர்களில் அவரும் ஒருவர். சீனப் புத்தாண்டுக்கு மேசையைச் சுற்றி நின்று உயரத் தூக்கிக் கலக்குகிறார்களே, அந்த வண்ண வண்ண மீன் சாலட்டை இப்போதைய வடிவத்துக்குக் கொண்டுவந்ததும் அந்த நால்வர்தான், 1964இல். தொன்றுதொட்ட சீனச் சடங்கு என்று நினைத்துக்கொண்டு நம்மவர்களும் அலுவலகத்தில் கூடி நின்று கலக்குகிறோம்!

நம்மவர் பங்கும் இந்த மேசையில் உண்டு. 1949இல் கேரளத்துக்காரர் எம். ஜே. கோமஸ் இங்கே ஒரு சாப்பாட்டுக்கடை வைத்தார். சீன வாடிக்கையாளர்களுக்கு மீன்தலை என்றால் உயிர் என்று கண்டுகொண்டு, முழுத்தலையைக் குழம்பில் இறக்கினார். நம் பக்கத்தில் வீட்டுக் குழம்பில் மற்றத் துண்டுகளோடு தலையும் கிடக்கும், அவ்வளவுதான். தலையை மட்டும் பெரிய சட்டியில் அரியணை ஏற்றிவைத்தது சிங்கப்பூர்தான். 1969இல் முத்தூஸ் கறியும், 1974இல் பனானா லீஃப் அப்போலோவும் வந்து ரேஸ் கோர்ஸ் ரோட்டையே மீன்தலைக்குப் பேர்போன தெருவாக்கின. சீனர்களும் சும்மா இருக்கவில்லை. அதே குழம்பைப் புளி தூக்கலாக, மண்சட்டியில், வெண்டைக்காயும் பொரித்த தவ்ஃபூவும் (சோயாக் கட்டி) போட்டுத் தங்கள் ஸீ சார் கடையில் கொதிக்கவிட்டார்கள். மலையாளி சீனருக்காகச் செய்ததைச் சீனர் எல்லோருக்குமாகச் செய்தார். எதிர்த்திசையிலும் இதே கதை: சீனரின் மஞ்சள் மீயை எடுத்து நம் முஸ்லிம் கடைக்காரர்கள் தக்காளி சாஸில் சிவக்க வறுத்த மீ கோரெங் இந்தியாவில் எங்கும் இருந்ததில்லை.

கறிவேப்பிலையின் பயணம் இதைவிட வேடிக்கை. நெஸ்டம் இறால் செய்வதை அடுப்புக்கு அருகில் நின்று பார்த்தால் தெரியும். ஓடு கழற்றாத இறாலை முதுகு கீறி, மாவில் புரட்டி, காய்ந்த எண்ணெயில் போட்டு எடுத்து ஒதுக்கி வைக்கிறார் சமையல்காரர். குவாலி என்கிற குழிந்த வாணலியைத் துடைத்துவிட்டு வெண்ணெய்க் கட்டியைப் போடுகிறார். அது நுரைத்து வரும்போது ஒரு பிடி கறிவேப்பிலை, இடித்த சின்ன மிளகாய். நம் வீட்டுத் தாளிப்பு வாசனையேதான், எண்ணெய்க்குப் பதில் வெண்ணெய். பிறகு தீயை அநேகமாக அணைத்துவிட்டு நெஸ்டத்தைக் கொட்டுகிறார். இதில்தான் சூட்சுமம். தீ அதிகமானால் மாவிலுள்ள சர்க்கரை கருகிக் கசந்துவிடும். குறைந்தால் மாவு வெண்ணெயைக் குடித்துத் தொய்ந்துவிடும். கையெடுக்காமல் கிளறி, அது பொன்னிறமாக உதிரும் நொடியில் இறாலைப் போட்டு இரண்டு பிரட்டு. தட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் இறாலை விட்டுவிட்டுத் தூளைத்தான் அள்ளுவார்கள். நாம் தட்டோரம் ஒதுக்கிவிடும் கறிவேப்பிலையைச் சீனர்கள் மென்று தின்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நண்டிலும் ஒரு தமிழ்த் தொடர்பு இருக்கிறது. அன்று கரையில் பிடித்த நண்டு. இன்று விமானத்தில் வரும் நண்டு. பெரிய கடைகளின் பட்டியலில் ‘இலங்கை நண்டு’ என்றே போட்டிருப்பார்கள். சேற்றில் வளரும் அந்தக் கனத்த கொடுக்கு நண்டு கயிற்றால் கட்டப்பட்டு உயிரோடு வந்து இறங்குகிறது. நல்ல நண்டெல்லாம் சிங்கப்பூருக்கே போய்விடுகிறது என்ற ஆதங்கத்தில்தான் 2011இல் கொழும்பில் ‘மினிஸ்ட்ரி ஆஃப் கிராப்’ என்ற உணவகமே தொடங்கினார்கள். பழவேற்காட்டு ஏரி நண்டும் சென்னை வழியாக இங்கே வந்து சேர்கிறது. பிடிக்கிறவர் வீட்டில் அந்த அளவு நண்டு குழம்பாவது அபூர்வம்.

கடை நடக்கிற விதமும் மாறியிருக்கிறது. தெருவோர வியாபாரிகளை 1968இல் பதிவுசெய்யத் தொடங்கிய அரசாங்கம், 1986க்குள் எல்லோரையும் உணவங்காடி நிலையங்களுக்கும் காப்பிக்கடைகளுக்கும் மாற்றிவிட்டது. அதன்பின் குழாய்த் தண்ணீரும் கூரையும் கிடைத்தன. வாடகையும் கூடவே வந்தது. அந்நாளில் பட்டியலே கிடையாது. தவுக்கே, அதாவது முதலாளி, வந்து நிற்பார், ‘இன்றைக்கு என்ன நன்றாக இருக்கிறது’ என்று ஹொக்கியனிலோ கேண்டனீஸிலோ கேட்டு வாங்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சீனரோடு வளர்ந்த அந்தத் தலைமுறைத் தமிழர்கள் பலர் அதைச் சரளமாகச் செய்தார்கள். 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கி, சீன வட்டார மொழிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. இப்போது மேசையில் ஒட்டிய கியூஆர் கட்டத்தைக் கைப்பேசியால் படம் பிடித்தால் முடிந்தது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பட்டியலில் இல்லாத மீனைக் கைப்பேசி சொல்லாது.

அடியும் பலமாகவே விழுந்தது. பத்துப் பேர் சுற்றி உட்காரும் வட்டமேசைதான் ஸீ சாரின் கணக்கு. கொவிட் வந்து, 2020 ஏப்ரலில் உட்கார்ந்து சாப்பிடவே தடை. பிறகு ஐந்து பேர், சில மாதம் இரண்டே பேர். இரண்டு பேர் எத்தனை கறி சொல்வார்கள்? 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூரின் கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 1994இல் 3 விழுக்காட்டில் தொடங்கிய ஜிஎஸ்டி வரி 2024இல் 9 ஆயிற்று. இதற்கெல்லாம் மேலே ஆள் பஞ்சம். அந்த அடுப்பின் அனலில் இரவு முழுக்க இரும்புக் குவாலியைத் தூக்கி ஆட்ட இந்த ஊர் இளைஞர்கள் சுலபத்தில் முன்வருவதில்லை. அப்பா கடையைப் பிள்ளைகள் எடுத்து நடத்துகிற புக்கிட் மேராவின் ‘கெங் எங் கீ’ போன்ற இடங்கள் விதிவிலக்கு. மூன்றாம் தலைமுறை அங்கே காப்பி விலாவைப் பேர்பெறச் செய்துவிட்டது.

கூடவே அசல் சீனா வந்து சேர்ந்தது. 2012இல் ஹைதிலாவ் என்ற கொதிகுழம்புச் சங்கிலிக் கடை சீனாவுக்கு வெளியே தன் முதல் கிளையை இங்கேதான் திறந்தது. நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகு, கொதிகுழம்பு, புளித்த கீரையில் மீன் என்று கடைத்தொகுதிகளில் மாடிக்கு மாடி சங்கிலிக் கடைகள். ‘மாலா’ எனப்படும் அந்த மரத்துப்போகும் காரம் இன்று கல்லூரிப் பிள்ளைகளின் அன்றாடச் சாப்பாடு. பளபளப்பான இடம், வரிசையில் நிற்கும்போதே நொறுக்குத்தீனி, பிறந்தநாள் என்றால் பாட்டு. நானும் போகிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே கிடைப்பது சீனாவின் செங்டுவிலும் கிடைக்கும். அதில் மலாய்க்காரரின் சம்பல் இல்லை, ஆங்கிலேயரின் மார்மைட் இல்லை, நம் கறிவேப்பிலை இல்லை. அக்கம்பக்கத்து மளிகை அலமாரியையெல்லாம் துழாவி ஒரு கறியைக் கண்டுபிடிக்கிற துணிச்சல் ஸீ சார்காரரிடம்தான் இருக்கிறது. 2020இல் யுனெஸ்கோ சிங்கப்பூரின் அங்காடி உணவுக் கலாசாரத்தைத் தன் பட்டியலில் சேர்த்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டியவர்கள் வாரத்தில் ஒருநாள் போய்ச் சாப்பிட்டால் இன்னும் உதவியாக இருக்கும்.

சிங்கப்பூர் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தனியாகப் போகாதீர்கள், நான்கு பேராவது சேருங்கள். நெஸ்டம் இறால், சம்பல் கங்குங் கீரை, புளி மீன்தலை, சுடுதட்டில் தவ்ஃபூ, இவற்றோடு வெள்ளைச்சோறு போதும். பன்றி வேண்டாம் என்பவர்கள் சமையலில் பன்றிக் கொழுப்பு சேர்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஹலால் ஸீ சார் கடைகளும் இப்போது உண்டு. சைவர்கள் கீரையில் சிப்பி சாஸ் ஊற்றவேண்டாம் என்று சொல்லியே ஆகவேண்டும். கேட்காமலே வரும் வேர்க்கடலைக்கும் ஈரத்தாளுக்கும் காசு உண்டு, வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். நண்டு கேட்பதாக இருந்தால் மட்டும் கூடுதல் கவனம். 2023இல் ஓர் உணவகத்தில் ஜப்பானியப் பயணி ஒருவர் பெரிய நண்டு ஒன்றைச் சாப்பிட்டு முடித்து, ரசீதில் நண்டுக்கு மட்டும் 938 சிங்கப்பூர் வெள்ளி போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு போலீஸைக் கூப்பிட்டார். சொன்ன விலை 100 கிராமுக்கு. ஆகவே எடைபோட்டு மொத்தம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு, அதன்பிறகு நண்டைச் சொல்லுங்கள்.