குறைந்த செலவில் ரேடியோ ஹெலிகாப்டர்: தொடக்கப் பயிற்சி

ரேடியோ மூலம் இயக்கப்படும் மாதிரி விமானம் நன்கு அமைந்திருக்குமாயின், இயக்குவோர் கட்டுப்பாட்டுக் கோலைச் சிறிது நேரம் விட்டுவிட்டாலும் அது தன் போக்கில் நேராகச் சென்றுகொண்டிருக்கும். ஹெலிகாப்டரிடம் இந்தச் சலுகை கிடையாது. அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டர் விரல் நுனியில் நிறுத்திய கோலைப் போன்றது. கணந்தோறும் திருத்திக்கொண்டிருந்தால்தான் நிலைக்கும். மனிதர் ஏறிச் செலுத்தும் இகோர் சிகோர்ஸ்கியின் வி.எஸ். 300 ஹெலிகாப்டர் 1939 செப்டம்பரில் தரையைவிட்டு எழுந்தது. ரேடியோவுக்கு நன்கு அடங்கும் மாதிரி ஹெலிகாப்டரை ஜெர்மனியைச் சேர்ந்த டீட்டர் ஷ்லூட்டர் உருவாக்கியதோ 1960களின் இறுதியில்தான். அந்நாளில் அது பணமும் பட்டறையும் உடையோரின் பொழுதுபோக்காக இருந்தது. லித்தியம் பாலிமர் மின்கலம், மிகச் சிறிய மோட்டார், அரிசி மணியளவேயான கைரோ ஆகிய மூன்றும் மலிந்துவிட்டமையால், இன்று 30 கிராம் எடையுள்ள ஹெலிகாப்டரைச் சில ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிவிடலாம்.

இதனால் பள்ளி விஞ்ஞானக் கழகங்களும், கண்காட்சி நடத்தும் ஊழியர்களும் இவற்றை வாங்க முற்படுகின்றனர். எனினும் வாங்கிய கருவி முதல் வாரத்திலேயே உடைந்து அலமாரியின் மேல்தட்டுக்குச் செல்வது அபூர்வமன்று. பெரும்பாலும் இதற்குக் காரணம் செலவைத் தவறாகக் கணக்கிடுவதே. ஹெலிகாப்டருக்கு விலை இரண்டு: ஒன்று வாங்கும் விலை, மற்றொன்று விழும் விலை. கற்கும் காலத்தில் அது விழாமலிருப்பதில்லை. ஆகவே ஒரு முறை விழுந்தால் என்ன செலவாகும் என்பதை முதலில் கேட்டறிந்து, கடை விலையைப் பின்னர் கேட்பதே முறை.

இயங்கும் விதம்

தலைக்கு மேலுள்ள பெரிய சுழல் இறக்கை காற்றைக் கீழே தள்ளுவதால் ஹெலிகாப்டர் மேலெழுகிறது. மோட்டார் இறக்கையை ஒரு திசையில் சுழற்றும்போது, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, உடல் எதிர்த்திசையில் சுழல முயலும். இதைத் தடுப்பதே வால் விசிறியின் வேலை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகளை எதிரெதிராகச் சுழற்றினாலும் இம்முறுக்கு நீங்கும். மலிவான பொம்மைகள் பலவற்றில் காணப்படுவது இவ்வமைப்பே.

முன்னோ பக்கவாட்டிலோ நகர்வதற்குச் சுழல் வட்டம் முழுவதும் அத்திசையில் சாய வேண்டும். இதற்காக ஒவ்வொரு தகட்டின் கோணமும் ஒரு சுற்றுக்குள்ளேயே கூடிக் குறைகிறது. இறக்கையின் அச்சைச் சுற்றி அமைந்த சாய்தட்டு ஒன்று சிறு கம்பிகளின் வழியே இந்த வேலையைச் செய்கிறது. இதில் ஒரு வியப்பு உண்டு. சுழல் வட்டத்தின் பின்புறம் உயர வேண்டுமாயின், தகடு அவ்விடத்திற்கு வருவதற்கு ஏறத்தாழக் கால் சுற்று முன்னதாகவே அதன் கோணத்தைக் கூட்டியாக வேண்டும். வேகமாகச் சுழலும் பொருளை ஓரிடத்தில் தள்ளினால் விளைவு அதற்குச் செங்குத்தான இடத்தில் தோன்றும் என்ற பௌதிக விதியே இதற்கு அடிப்படை. சைக்கிள் சக்கரமொன்றைக் கழற்றி, அச்சின் இரு முனைகளையும் கையில் பிடித்துச் சுழலவிட்டுச் சாய்த்துப் பார்த்தால் மாணாக்கர் இதனை உடனே உணர்வர். நான்கு விசிறி ட்ரோன்கள் பெருகிய இந்நாளிலும் ஹெலிகாப்டருக்கு வகுப்பறையில் இடமுண்டு என்பது இதனால்தான். ட்ரோனின் கட்டுப்பாடு மின்னணுச் சில்லுக்குள் மறைந்துகிடக்கிறது. ஹெலிகாப்டரின் கட்டுப்பாடோ கம்பியும் கீலுமாகக் கண்முன் நிற்கிறது.

எதனை வாங்குவது

கடைகளில் மூன்று வகைகள் கிடைக்கின்றன. முதல் வகை, இரட்டை இறக்கையும் மூன்று கட்டுப்பாட்டு வழிகளும் உடைய பொம்மை. விலை மிகக் குறைவு; யாரும் உடனே பறக்கவிடலாம். ஆனால் அதனைப் பக்கவாட்டில் சாய்க்க வழியில்லை. அதில் பழகிய கை அடுத்த வகைக்குச் சென்றதும் ஏறக்குறைய முதலிலிருந்தே கற்க நேரும்.

மூன்றாம் வகை, எல்லாத் தகடுகளின் கோணத்தையும் ஒருங்கே மாற்றி ஏற்றத்தைக் கட்டுப்படுத்துவது. தலைகீழாகவும் பறக்கவல்லது. பழைய கருவியாகக் குறைந்த விலைக்கு வரும்போது இதன்மீது ஆசை எழுவது இயல்பே. எனினும் தொடங்குவோருக்கு இது ஏற்றதன்று. சரியாக அமைப்பதற்கே தனிப் பயிற்சி வேண்டும். ஒரு முறை விழுந்தால் தகடுகள், முதன்மை அச்சு, பற்சக்கரம், வால் குழல் எனப் பலவும் ஒருங்கே போகக்கூடும்.

இடைப்பட்ட வகையே சிக்கனத்திற்கு உகந்தது. ஒற்றை இறக்கை, மாறாத தகட்டுக் கோணம், நான்கு கட்டுப்பாட்டு வழிகள், நிலைப்படுத்தும் கைரோ, 30 முதல் 50 கிராம் வரை எடை: இவை அதன் அடையாளங்கள். மோட்டாரின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஏற்ற இறக்கம் பெறப்படுகிறது. எடை சொற்பமாதலால் விழும் வேகத்தின் ஆற்றலும் சொற்பம். புல்தரையில் விழுந்தால் பெரும்பாலும் எடுத்துத் துடைத்து மீண்டும் பறக்கவிடலாம். வாங்கும்போதே இரண்டு இணைத் தகடுகள், ஒரு வால் விசிறி, ஒரு பற்சக்கரம், மூன்று மின்கலங்கள் ஆகியவற்றையும் சேர்த்து வாங்கிவிட வேண்டும். உதிரி உறுப்பு உள்நாட்டில் கிடைக்காத கருவி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

இவ்வளவு சிறிய கருவி ஐந்தாறு நிமிடங்களே பறப்பது ஏன் என்று மாணாக்கர் கேட்பர். விடையை அவர்களே கணக்கிடலாம். 30 கிராம் எடையும் 22 சென்டிமீட்டர் இறக்கை விட்டமும் உள்ள ஹெலிகாப்டர் அந்தரத்தில் நிற்க, காற்றை இறக்கை வட்டத்தினூடே விநாடிக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர் வேகத்தில் கீழே செலுத்த வேண்டும். இழப்பே இல்லாத நிலையில் இதற்குத் தேவையான திறன் அரை வாட்டைச் சற்றே தாண்டும். ஆனால் 3.7 வோல்ட், 150 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம் ஆறு நிமிடத்தில் தீருமாயின், சராசரி மின்னோட்டம் 1.5 ஆம்பியர்; செலவாகும் திறன் ஐந்தரை வாட். மீதமெல்லாம் சிறு மோட்டாரின் வெப்பத்திலும், பற்சக்கர உராய்விலும், தகட்டின் மீதான காற்றுத் தடையிலும், வால் விசிறியிலும் போய்விடுகிறது.

வெப்பமும் உயரமும் இக்கணக்கை மேலும் இறுக்குகின்றன. காற்றின் வெப்பநிலை 15 பாகையிலிருந்து 40 பாகைக்கு ஏறினால் அதன் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைகிறது. உதகமண்டலத்தின் உயரத்தில் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 20 சதவீதமும், லே நகரின் உயரத்தில் 30 சதவீதமும் குறைவு. சமவெளியில் துள்ளி எழுந்த கருவி மலைப்பள்ளியில் மந்தமாக எழுமாயின் அது பழுதென்று கொள்ளத் தேவையில்லை.

பயிற்சி

முதல் பயிற்சி கம்ப்யூட்டரில் நடைபெற வேண்டும். பறக்கும் அனுபவத்தைத் திரையில் காட்டும் பயிற்சி நிரல்கள் உள்ளன. சிலவற்றின் முன்னோட்டப் பதிப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. டிரான்ஸ்மிட்டரைக் கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணைக்க இயலுமா என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். திரையில் நூறு முறை விழுந்தாலும் ஒரு காசு செலவில்லை. பொத்தான்களைத் தட்டிப் பழகுவது மட்டும் பயன் தராது. உண்மையான கோல்களே விரலுக்கு நினைவைத் தரும்.

அடுத்து, மின்விசிறிகள் நிறுத்தப்பட்ட பள்ளி மண்டபமோ, காற்றில்லாத அதிகாலை மைதானமோ வேண்டும். தரையில் சுண்ணாம்புத் தூளால் இரண்டு மீட்டர்ச் சதுரம் இடுக. ஹெலிகாப்டரின் வால் இயக்குவோரை நோக்கியிருக்க, அச்சதுரத்திற்குள் அதனை நிறுத்த முயல வேண்டும். மிகத் தாழ நிறுத்துவது பாதுகாப்பென்று பலர் எண்ணுவர். இறக்கை விட்டத்தளவு உயரத்திற்குள், தரையில் பட்டுத் திரும்பும் காற்று கருவியை அலைக்கழிப்பதால், முழங்கால் உயரத்திற்கு மேல் நிறுத்துவதே எளிது. மாறாக்கோண இறக்கை வேகம் கூடிய பின்னரே ஏறும். ஆதலால் கட்டளைக்கும் விளைவுக்கும் இடையே சிறு தாமதம் உண்டு. இதனை அறியாதோர் கோலை மேலும் மேலும் தள்ளிக் கூரையில் மோதவிடுகின்றனர்.

வால் நோக்கிய நிலை கைவந்தபின் பக்கவாட்டு நிலை, இறுதியில் முகம் நோக்கிய நிலை. இங்குதான் பெரும்பாலோர் மனம் தளர்கின்றனர். கருவியின் வலம் இயக்குவோரின் இடமாகிவிடுகிறது. அப்போது ஒரு வழி உதவும்: பக்கவாட்டில் எப்புறம் சரிகிறதோ அப்புறமே கோலைச் செலுத்த வேண்டும், சரியும் சுவருக்கு முட்டுக்கொடுப்பதுபோல. தினம் இரண்டு மின்கலங்களளவு பழகினாலும் இந்நிலை வசப்பட வாரக்கணக்கில் ஆகலாம். இதனைக் கடக்காதவர் மூன்றாம் வகைக் கருவிக்குப் பணம் ஒதுக்குவது வீண்.

விழப்போகிறது என்று தெரிந்த உடனே மோட்டாரை முற்றிலும் நிறுத்துவது தனியே பழக வேண்டிய செயல். சுழன்றுகொண்டே விழும் தகடுதான் உடைகிறது; தடைப்பட்ட மோட்டார்தான் எரிகிறது. ஆசிரியர் எதிர்பாராத வேளையில் "நிறுத்து" என்று குரல் கொடுத்து, மாணாக்கர் உடனே நிறுத்துகின்றனரா எனச் சோதிக்கலாம்.

சிறு கருவியிலும் கண்ணுக்கு ஆபத்துண்டு. கண்ணாடி அணிதல் வேண்டும். பெரிய கருவிகள் வேறு இனத்தைச் சேர்ந்தவை. 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள இறக்கை நிமிடத்திற்கு 2,700 முறை சுழன்றால், தகட்டு நுனியின் வேகம் மணிக்கு 350 கிலோமீட்டரைத் தாண்டும். 2013 செப்டம்பரில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதிப் பூங்கா ஒன்றில், 19 வயது இளைஞர் ஒருவர் தாம் இயக்கிய மாதிரி ஹெலிகாப்டர் தாக்கி உயிரிழந்தார். அவர் பயிற்சி மிக்கவர். இத்தகைய கருவியைப் பள்ளி வளாகத்திற்குள் கொண்டுவரவே கூடாது.

லித்தியம் பாலிமர் மின்கலம் நிறைந்த நிலையில் 4.2 வோல்ட் காட்டும்; 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கவிட்டால் கெடும். பல நாள் வைத்திருப்பதாயின் 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். ஆளில்லாமல் சார்ஜ் செய்யலாகாது. அருகில் மணல் வாளி இருத்தல் நலம். உப்பிய மின்கலத்தைக் குத்தவோ குப்பையில் எறியவோ கூடாது. மின்கலக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் வெளியான ட்ரோன் விதிகள் ரேடியோ ஹெலிகாப்டருக்கும் பொருந்தும். 25 கிலோகிராமுக்கு மிகாமல், கல்வி, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காகவே கண்பார்வைக்குள் இயக்கப்படுவது "மாதிரி" எனத் தனியே வகுக்கப்பட்டுள்ளது. 250 கிராம் வரையுள்ளது நானோ வகை. இதனை இயக்க விமானிச் சான்றிதழ் வேண்டுவதில்லை. முழு ட்ரோன்களின் இறக்குமதியை மத்திய அரசு 2022 பிப்ரவரியில் தடை செய்தது. உறுப்புகளுக்கு அத்தடை இல்லை. எனவே அயல்நாட்டிலிருந்து நேரே தருவிக்க எண்ணுவோர் முன்னதாக விசாரித்தறிதல் நலம். பசுமை மண்டலத்தில் பொதுவாக 400 அடி உயரம் வரை முன் அனுமதி தேவையில்லை. விமான நிலையங்களை அடுத்த பகுதிகளிலும் தடை மண்டலங்களிலும் நிலைமை வேறு. பள்ளி மைதானம் எம்மண்டலத்தில் அமைந்துள்ளது என்பதையும், பதிவு குறித்து அப்போதுள்ள விதியையும் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் பார்த்துக் குறித்துக்கொண்ட பின்னரே கருவியை மண்டபத்திலிருந்து வெளியே எடுத்துச் செல்ல வேண்டும்.