கட்டிக்குள் ஓடும் ரத்தம்

சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கல்லீரலில் கட்டி இருப்பது தெரியும். அது என்ன கட்டி என்பது பெரும்பாலும் தெரியாது. வேறெதற்கோ வயிற்றை ஸ்கேன் செய்யப் போனவரின் ரிப்போர்ட்டில் ‘2 செ.மீ. அளவில் ஒரு கட்டி, சி.டி. எடுத்துப் பார்க்கவும்’ என்று ஒரு வரி இருக்கும். வீட்டில் அன்றிரவு யாருக்கும் தூக்கம் வராது. அந்தக் கட்டிக்குள் ரத்தம் எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், பல நேரங்களில் அங்கேயே விடை கிடைத்துவிடும். அதைப் பார்க்க உதவுவது கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட்.

இதன் தொடக்கம் இதய எக்கோவில். ரத்த ஓட்டத்தில் திரவத்தைச் செலுத்தும்போது திரையில் மேகம்போல வெளிச்சம் படர்வதை 1968-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் கிராமியாக், ஷா இருவரும் பதிவு செய்தார்கள். காரணம், திரவத்தோடு போன நுண்ணிய குமிழிகள். ஆனால் வெறும் காற்றுக் குமிழி நொடிகளில் கரைந்துவிடும், நுரையீரலைத் தாண்டாது. ரத்தத்தில் எளிதில் கரையாத வாயுவைக் கொழுப்புப் படலத்தால் மூடிய பிறகே கல்லீரல்வரை போய் நிலைத்து நிற்கும் குமிழி கிடைத்தது. 2001-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற சோனோவியூ அந்த வகை. உள்ளே இருப்பது சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு. குமிழியின் சராசரி அளவு 2.5 மைக்ரான், அதாவது சிவப்பணுவைவிடச் சிறியது.

மருந்து வருவது வெள்ளைத் தூளாக. அதில் 5 மி.லி. சலைன் விட்டு 20 நொடி நன்றாகக் குலுக்கினால் பால் போலாகும். கல்லீரலுக்கு வழக்கமாக 2.4 மி.லி. போதும். அதைக் கைநரம்பில் ஏற்றி, பின்னாலேயே சலைன் செலுத்தி, ஸ்கேன் கருவியில் கடிகாரத்தை ஓடவிடுவார்கள். ஊசி மிக மெல்லியதாக இருந்தால் குமிழிகள் அதிலேயே உடைந்துவிடும். ஒலியின் வலுவையும் குறைத்தே வைக்க வேண்டும். மென்மையான ஒலியில் குமிழி ஒழுங்கற்று விரிந்து சுருங்கும். அந்த எதிரொலியைக் கருவி தனியே பிரித்தெடுத்துக் காட்டும்.

கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக. மீதி தமனி வழியாக. தமனி ரத்தம் முந்திக்கொள்ளும். ஊசி போட்ட 10–20 நொடிகளில் அது கல்லீரலை எட்டும். போர்ட்டல் ரத்தம் 30–45 நொடிகளில் சேரும். 2 நிமிடத்துக்குப் பிந்தையது இறுதிக் கட்டம். ஹீமாஞ்சியோமா எனும் தீங்கற்ற ரத்தக்குழாய்க் கட்டி ஓரங்களில் முடிச்சு முடிச்சாக ஒளிர்ந்து மெல்ல மையம் நோக்கி நிரம்பும், நிரம்பியது நிற்கும். எஃப்.என்.எச். என்ற, அதுவும் தீங்கற்ற கட்டி, நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள்போல வெளியே விரியும். வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுக்கட்டியோ ஒரு நிமிடத்துக்குள்ளேயே குமிழிகளை இழந்து கறுத்துவிடும். கல்லீரலிலேயே தோன்றும் புற்று தமனிக் கட்டத்தில் பளிச்சிட்டு, பெரும்பாலும் ஒரு நிமிடம் கழிந்தபின் மெதுவாக, அரைகுறையாக மங்கும்.

இந்த மங்கலில்தான் ஒரு பெரிய சர்ச்சை எழுந்தது. சி.டி., எம்.ஆர்.ஐ.க்குப் பயன்படும் கான்ட்ராஸ்ட் மருந்து ரத்தக்குழாயிலிருந்து கசிந்து திசுவில் தங்கும். குமிழி குழாயை விட்டு வெளியேறாது. கல்லீரலுக்குள் தோன்றும் பித்தநாளப் புற்றில் நார்த்திசு அதிகம். சி.டி.யில் அது மருந்தைப் பிடித்துவைத்து நேரம் ஆக ஆக ஒளிரும். குமிழியிலோ மங்கிப்போய், கல்லீரல் புற்றுபோலவே தோன்றலாம். கல்லீரல் தழும்பேறிய சிரோசிஸ் நோயாளிகளில் இந்தக் குழப்பம் நேர்வதை 2010-இல் பார்சிலோனா மருத்துவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அமெரிக்கக் கல்லீரல் நோய்ச் சங்கம் தன் வழிகாட்டுதலிலிருந்து இந்த முறையையே நீக்கியது. அது கொஞ்சம் அவசரம்தான். மங்குவதை மட்டும் பார்க்காமல், எத்தனையாவது நொடியில், எவ்வளவு ஆழமாக மங்குகிறது என்று பார்த்தால் இரண்டையும் பெரும்பாலும் பிரித்தறியலாம்: 60 நொடிக்குள் மங்கினால் பித்தநாளப் புற்றையோ பரவிய புற்றையோ சந்தேகிக்க வேண்டும். ஐரோப்பியக் கல்லீரல் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல் இந்த முறையை இரண்டாம் கட்டப் பரிசோதனையாக ஏற்றது. 2007 முதல் ஜப்பானில் புழங்கும் சோனாசாய்டு இன்னொரு வழி. அதன் குமிழிகளைக் கல்லீரலின் குஃப்ஃபர் செல்கள் விழுங்கிக்கொள்ளும். 10 நிமிடம் கழித்து, அந்தச் செல்கள் இல்லாத இடம் மட்டும் கருமையாக நிற்கும்.

கல்லீரலுக்கு வெளியிலும் கேள்வி ஒன்றுதான்: ரத்தம் இருக்கிறதா, இல்லையா? பித்தப்பையில் தேங்கிய கசடு ஒளிராது, கட்டி ஒளிரும். கணையப் புற்று பெரும்பாலும் சுற்றுத் திசுவைவிட மங்கலாகத் தெரியும். நாளமில்லாச் சுரப்பி செல்களில் தோன்றும் கணையக் கட்டி பளிச்சிடும். குரோன் எனும் குடல் அழற்சி நோயில் தடித்த குடல் சுவர் எவ்வளவு ஒளிர்கிறது என்பது அழற்சியின் தீவிரத்தைக் காட்டும். குடலுக்குப் பக்கத்தில் உள்ள வீக்கம் நடுவில் ஒளிராவிட்டால் அது சீழ்க்கட்டி, வடிக்க வேண்டியிருக்கலாம்.

சி.டி. மருந்தில் இருப்பதுபோல் குமிழியில் அயோடின் இல்லை. வாயு மூச்சுவழியே வெளியேறிவிடுவதால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் கொடுக்கலாம். 2006-இல் வெளியான இத்தாலிய ஆய்வில் 23,188 வயிற்றுப் பரிசோதனைகளில் கடுமையான பக்கவிளைவு இருவருக்கே ஏற்பட்டது. இருந்தாலும் ஒவ்வாமைக்கான அவசர மருந்துகள் அருகில் இருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. குடல் வாயு மறைத்தாலோ, கல்லீரலில் கொழுப்பு மிகுந்தாலோ, கட்டி ஆழத்தில் இருந்தாலோ படம் கெடும். தமனிக் கட்டம் சில நொடிகளில் முடிந்துவிடுவதால் ஒரு ஊசிக்கு ஒரு கட்டியைத்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். புற்று என்று உறுதியானால், அது எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று அறிய சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும்.

(தொடரும்)