சுவருக்கு எந்த நீலம்? கம்ப்யூட்டர் எவ்வளவு தூரம் உதவும்?

வீட்டிற்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறீர்களா? புதிதாகக் கம்ப்யூட்டரும் வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என்னைப் போலவே முதலில் மானிட்டரில்தான் நிறம் தேடுவீர்கள். தேடுங்கள், தவறில்லை. ஆனால் நான் செய்த தவறை மட்டும் செய்து விடாதீர்கள்.

என் அம்மாவின் அறைக்கு நீல நிறம் அடிக்க முடிவு செய்தோம். பெயிண்ட் நிறுவனத்தின் இணைய தளத்தில் ஏறத்தாழ ஒரே மாதிரியான இரண்டு நீலங்கள் கடைசியில் மிஞ்சின. இரவு பத்து மணிக்கு எல்லோரும் மானிட்டர் முன் உட்கார்ந்தோம். "இடது பக்கம் இருக்கிறதுதான் நல்லா இருக்கு பாட்டி" என்றாள் மகள். "ரெண்டும் ஒண்ணாத்தானேடா இருக்கு?" என்றார் அம்மா. மகள் சொன்னதையே எண் குறித்துக் கடையில் கொடுத்து, இரண்டு கோட்டும் அடித்தாயிற்று. மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தால், மானிட்டரில் சாதுவாகத் தெரிந்த நீலம் சுவரில் கண்ணைக் கூசியது!

எங்கே தவறு நடந்தது? பார்ப்போம்.

நீலம் என்பது மூன்று எண்கள்

கம்ப்யூட்டருக்கு நிறம் தெரியாது, எண்தான் தெரியும். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளை வெவ்வேறு அளவில் கலந்து எல்லா நிறங்களையும் மானிட்டர் காட்டுகிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை அளவு உண்டு. 256-ஐ மூன்று முறை பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள் வரும். இதைத்தான் 24 பிட் கலர் என்கிறோம்.

இணையப் பக்கங்களில் பயன்படும் சில நீலங்களைப் பாருங்கள்:

லைட் புளூ: 173, 216, 230
பவுடர் புளூ: 176, 224, 230
ஸ்கை புளூ: 135, 206, 235

முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிகக் குறைவு. மூன்றாவதில் சிவப்பு நன்றாகக் குறைந்திருப்பதால் நீலம் தூக்கலாகத் தெரியும். ஆக, இரண்டு நீலங்கள் எந்த வகையில் வேறுபடுகின்றன என்பதை எண்கள் தெளிவாகச் சொல்லிவிடும். இது கம்ப்யூட்டரின் பெரிய உதவி.

நீங்களே செய்து பாருங்கள்

1. ஸ்டார்ட் மெனுவில் பெயிண்ட் என்று டைப் செய்து அந்த புரோகிராமைத் திறந்து கொள்ளுங்கள். இது விண்டோஸுடன் இலவசமாகவே வருகிறது.
2. அருகருகே ஒட்டியபடி இரண்டு செவ்வகங்கள் வரையுங்கள்.
3. எடிட் கலர்ஸ் என்பதைக் கிளிக் செய்து ரெட், கிரீன், புளூ கட்டங்களில் முதல் நீலத்தின் எண்களைக் கொடுத்து ஓகே செய்யுங்கள்.
4. ஃபில் டூலை எடுத்து முதல் செவ்வகத்தின் உள்ளே கிளிக் செய்யுங்கள். அடுத்த நீலத்தை இரண்டாவது செவ்வகத்தில் இதே போல் நிரப்புங்கள்.

இப்போது இரண்டையும் சற்று விலக்கி, இடையில் வெள்ளை விட்டு வரைந்து பாருங்கள். ஒட்டியிருந்தபோது பளிச்சென்று தெரிந்த வித்தியாசம் குறைந்து விட்டது போலிருக்கும். சுவரிலும் இதே கதைதான். உங்கள் அறையில் ஒரு நீலம்தான் இருக்கப் போகிறது. பக்கத்தில் ஒப்பிட இன்னொன்று இருக்காது. வித்தியாசம் மிகச் சிறியது என்றால் அதற்காக வீட்டில் சண்டை போட வேண்டியதில்லை!

மானிட்டர் ஏன் ஏமாற்றுகிறது?

மானிட்டர் தானே ஒளியை வெளியிடுகிறது. சுவர் அப்படியில்லை, தன் மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை மட்டும் திருப்பி அனுப்புகிறது. எனவே இரண்டும் அப்படியே ஒத்துப் போகும் என்று எதிர்பார்க்க முடியாது.

மானிட்டர்களுக்கு இடையிலும் வித்தியாசம் உண்டு. எல்லாக் கருவிகளும் ஓரளவு ஒரே மாதிரி நிறம் காட்ட வேண்டும் என்பதற்காக 1996-ல் எச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் எஸ்ஆர்ஜிபி என்ற முறையைக் கொண்டு வந்தன. ஆனாலும் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் அமைப்பைப் பொறுத்து வீட்டு மானிட்டரில் ஒன்றும் செல்போனில் ஒன்றுமாகத் தெரியும்.

எங்கள் வீட்டில் நடந்தது என்ன தெரியுமா? விண்டோஸில் நைட் லைட் என்ற வசதி இருக்கிறது. இரவில் கண் கூசாமல் இருக்க, திரையில் நீல ஒளியைக் குறைத்து மஞ்சள் சாயல் கொடுக்கும். அது ஆன் ஆகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. நீலத்தைக் குறைத்துக் காட்டும் திரையில் நீலத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்! செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போய் இதை ஆஃப் செய்த பிறகுதான் நிறம் பார்க்க வேண்டும். செல்போனிலும் இதே போன்ற வசதி உண்டு, அதையும் கவனியுங்கள்.

கடையின் ஷேடு கார்டைப் போட்டோ எடுத்து வந்து பார்ப்பதும் சரிவராது. சுற்றியுள்ள வெளிச்சத்தைக் கணித்து கேமரா தானே நிறத்தைத் திருத்தி விடும்.

பல்பை மாற்றினால் நீலம் மாறும்

எல்இடி பல்பு டப்பாவில் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். 2700 அல்லது 3000 என்றால் மஞ்சள் கலந்த வெளிச்சம். 6500 என்றால் பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை. மஞ்சள் வெளிச்சத்தில் வெளிர் நீலம் சற்றுப் பச்சையாகவோ சாம்பலாகவோ தெரியலாம். கடை விளக்கில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நீலங்கள் வீட்டு விளக்கில் தனித்தனியாகப் பிரிந்து தெரிவதும் உண்டு. அவற்றில் கலந்த நிறமிகள் வேறு வேறு என்பதே காரணம்.

2015 பிப்ரவரியில் ஓர் உடையின் போட்டோ உலகம் முழுவதும் சுற்றியது. சிலருக்கு வெள்ளையும் தங்க நிறமும், சிலருக்கு நீலமும் கறுப்பும் தெரிந்தது. உண்மையில் அது நீலமும் கறுப்பும் கொண்ட உடை. அந்தப் படத்தில் எந்த வெளிச்சம் விழுகிறது என்று ஒவ்வொருவர் மூளையும் ஒவ்வொரு விதமாகக் கணித்ததே காரணம்.

பார்ப்பது யார் கண்?

இதைத்தான் நான் கடைசியாகப் புரிந்து கொண்டேன். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும். நீல ஒளி உள்ளே செல்வது குறையும். கண்புரை இருந்தால் இன்னும் அதிகம். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு" என்று அம்மா சொன்னது அலட்சியத்தால் அல்ல. அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. சில மாதங்கள் கழித்துக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர், சுவரைப் பார்த்துத் திகைத்து நின்றார். "ஏன்டா, இது இவ்வளவு நீலமா? நான் சாம்பல்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்!"

பெரியவர்கள் இருக்கும் அறை என்றால் இன்னொன்றும் பாருங்கள். சுவரும் கதவும் ஸ்விட்ச் போர்டும் ஒரே சாயலில் இருந்தால் அவர்களுக்குப் பிரித்தறிவது கடினம். சுவர் வெளிர் நீலம் என்றால் கதவு அடர்த்தியான நிறத்தில் இருக்கட்டும்.

சரியான வழி

1. நைட் லைட்டை ஆஃப் செய்து, பகலில் மானிட்டரைப் பார்த்து இரண்டு அல்லது மூன்று நீலங்களாகக் குறைத்துக் கொள்ளுங்கள்.
2. சில நிறுவனங்கள் நிறத்துடன் எல்ஆர்வி என்ற எண்ணைத் தருகின்றன. 0 கறுப்பு, 100 வெள்ளை. வெளிச்சம் குறைந்த அறைக்கு இந்த எண் கூடுதலாக உள்ள நீலத்தைத் தேர்ந்தெடுங்கள்.
3. அந்த நிறங்களில் சிறிய டப்பா மட்டும் வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடித்து நன்றாகக் காய விடுங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் வேறு.
4. அட்டையை ஒவ்வொரு சுவரிலும் வைத்து காலை, மாலை, இரவு விளக்கில் பாருங்கள்.
5. பெரிய பரப்பில் நிறம் தூக்கலாகத் தெரியும். சந்தேகம் வந்தால் வெளிர்ந்ததையே எடுங்கள்.
6. ஷேடு எண், பேஸ், பேட்ச் எண் ஆகியவற்றை ஒரு ஃபைலில் டைப் செய்து சேமியுங்கள். பிறகு ஒரு மூலை உரிந்தால் அதே நிறம் வாங்க உதவும்.

அம்மாவின் அறைக்கு மறுபடியும் பெயிண்ட் அடித்தோம். இந்த முறை மானிட்டரில் இரண்டாகக் குறைத்தது நானும் மகளும். இரண்டு அட்டைகளையும் ஒரு நாள் முழுவதும் கட்டிலுக்கு எதிரே வைத்துப் பார்த்து, வெளிர்ந்ததைக் கை காட்டியது அம்மா. செலவு இரண்டு மடங்கு ஆனதுதான் மிச்சம். உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம். பட்டியலைக் கம்ப்யூட்டர் குறைக்கட்டும்; முடிவை அந்த அறையில் இருப்பவர் எடுக்கட்டும்.