தேய்மானக் கணக்கு

வணிகக் கணக்கு எழுதுவோர் இயந்திரங்களுக்கும் வாகனங்களுக்கும் ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்கத் தவறுவதில்லை. சொந்தக் கார் வைத்திருப்போரும் அதன் மறுவிற்பனை விலை எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அறிந்தே வைத்திருக்கின்றனர். ஆனால் அதே காரில் மிக விரைவாகத் தேய்கின்ற உறுப்பை மட்டும் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓடும் காரைச் சாலையோடு பிணைத்திருப்பவை, ஏறக்குறைய உள்ளங்கை அகலத்தில் தரையைத் தொடும் நான்கு டயர்ப் பரப்புகளே. திருப்பமும் பிரேக்கும் அவற்றை நம்பியே இயங்குகின்றன.

பெங்களூரு வாசிகளுக்கு இந்தக் கணக்கு தனிக் கவனத்திற்கு உரியது. நகர நெரிசலில் 10 கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லும்போது மொட்டையாகிப்போன டயரும் நல்ல டயரைப் போலவே நடந்துகொள்ளும். குறை வெளியே தெரியாது. அந்தக் கார் வார விடுமுறையில் மைசூருவை நோக்கிப் புறப்படும்போதுதான் நிலைமை மாறுகிறது.

2023 மார்ச் 12 அன்று பிரதமர் மண்டியாவில் தொடங்கி வைத்த பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலை ஏறத்தாழ 118 கிலோமீட்டர் நீளமுடையது. மூன்று மணி நேரப் பயணத்தை அது பாதியாகக் குறைத்தது. முன்பு ராமநகரம், சென்னப்பட்டணா, மத்தூர், மண்டியா என ஒவ்வோர் ஊரிலும் வேகம் தணிய வேண்டியிருந்தது. டயர்களும் சற்றே ஆறின. இன்று புறவழிகள் வழியே இடையறாது ஓடலாம். அந்த ஓராண்டில் மட்டும் அச்சாலையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மிகை வேகமும் தடம் மாறிச் செல்லுதலும் உட்படக் காரணங்கள் பல. கார்களுக்கு 100 கிலோமீட்டர் வேக வரம்பு வகுக்கப்பட்டது. ஆகஸ்டு 1 முதல் இருசக்கர வாகனங்களும் ஆட்டோக்களும் முதன்மைத் தடங்களில் தடை செய்யப்பட்டன. வேகத்தைக் கேமரா கண்காணிக்கும். டயரைக் குனிந்து பார்க்க வேண்டியவர் உரிமையாளரே.

வேகம் 20இலிருந்து 100 ஆக உயரும்போது ஐந்து மடங்காகிறது. ஆனால் பிரேக் அடக்க வேண்டிய இயக்க ஆற்றலோ 25 மடங்காகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 28 மீட்டர் முன்னேறிவிடும். அந்நிலையில் டயரின் பிடிப்பில் ஏற்படும் சிறு குறைவும் பல மீட்டர்களாகப் பெருகும்.

மழையில் இடர் இன்னும் மிகுதி. டயரின் பட்டன்களுக்கு இடையேயுள்ள பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. சக்கரத்தின் அடியில் சிக்கும் நீரை வெளியேற்றும் வாய்க்கால்கள் அவை. அவை தூர்ந்துபோனால் டயர் நீரின்மேல் மிதக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. விரைவுச் சாலை திறக்கப்பட்ட சில நாட்களிலேயே, ராமநகரம் அருகே மழைநீர் தேங்கி வாகனங்கள் தவித்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பர்.

புதிய டயரில் இப்பள்ளங்கள் ஏழெட்டு மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கார்களுக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும் என்கின்றன. பள்ளத்தின் அடியில் குறுக்கே சிறு மேடுகள் அமைந்திருக்கும். பட்டன் தேய்ந்து அம்மேடுகளோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். அது சட்டத்தின் கடைசி எல்லை. 3 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கும்போதே மழைக்காலத்திற்கு முன்னதாக மாற்றிவிடுவது விவேகம்.

தேய்மானம் தவிர வேறு மூன்று குறைகளும் உண்டு. முதலாவது, டயரின் பக்கவாட்டில் தோன்றும் புடைப்பு. சாலைக் குழியில் சக்கரம் மோதும்போது உள்ளிழைகள் அறுந்து அவ்விடம் வீங்குகிறது. அதற்குப் பஞ்சர் ஒட்டுப் போட இயலாது, மாற்றுவதே வழி. இரண்டாவது, குறைந்த காற்றழுத்தம். கோடையில் டயர் வெடித்துவிடும் என்று அஞ்சிக் காற்றைக் குறைத்து வைப்போர் உள்ளனர். இது தலைகீழான எண்ணம். காற்றுக் குறைந்த டயரே அதிகம் வளைந்து நெளிந்து சூடேறி வெடிக்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் குறித்துள்ள அளவை, வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன் சரிபார்க்க வேண்டும். மூன்றாவது, வயது. டயரின் பக்கவாட்டில் பொறித்துள்ள நான்கு இலக்க எண் 2321 எனில், அது 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் உருவானது. அதிகம் ஓடாத காரின் டயரும் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும்.

காப்பீடு இருக்கிறதே என்ற துணிவு இங்கே முழுமையாக உதவாது. வழக்கமான மோட்டார் காப்பீட்டில் தேய்மானத்திற்கு இழப்பீடு இல்லை. டயர் மட்டும் சேதமுற்றாலும் இல்லை. அதே விபத்தில் வாகனமும் சேதமுற்றிருந்தால், டயரின் மாற்றுச் செலவில் பாதி வரை கிடைக்கும். மேலும், வாகனத்தைச் செம்மையான நிலையில் வைத்திருப்பது பாலிசிதாரரின் கடமை என்பது ஒப்பந்த நிபந்தனைகளுள் ஒன்று. மொட்டை டயரோடு ஓட்டுபவர் தம் இழப்பீட்டுக் கோரிக்கையைத் தாமே வலுவிழக்கச் செய்கிறார்.

நான்கு டயர்களையும் ஒரே சமயத்தில் மாற்றும் செலவு பலருக்குச் சுமையாகத் தோன்றலாம். வரும் நாள் ஏறக்குறையத் தெரிந்த செலவு இது. ஆகவே கார் வாங்கிய மாதத்திலேயே இதற்கெனச் சிறுதொகையைத் தொடர் வைப்பில் ஒதுக்கத் தொடங்கலாம். இரண்டை மட்டுமே மாற்ற முடிந்தால், புதியவற்றைப் பின்சக்கரங்களில் பொருத்துவது நலம். பின்பக்கம் வழுக்கினால் காரைக் கட்டுப்படுத்துவது மிகக் கடினம். ஓட்டத்தில் டயர் வெடித்துவிட்டாலோ, பிரேக்கைத் திடீரென அழுத்தாமல், ஸ்டீயரிங்கை உறுதியாகப் பற்றி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானே தணிந்தபின் ஓரம் கட்ட வேண்டும்.

தசராவுக்கு மைசூரு செல்வோரும், பொங்கலுக்கு ஓசூர், கிருஷ்ணகிரி வழியே தொப்பூர்க் கணவாய் இறங்கிச் சொந்த ஊர் செல்வோரும், பெட்டிகளை ஏற்றுவதற்கு முதல் நாள் காரை ஒருமுறை சுற்றிவரட்டும். நான்கு சக்கரங்களையும் ஸ்டெப்னியையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும். குறை தெரிந்தால், பயணத்தை ஒரு நாள் தள்ளி வைத்தேனும் டயரை மாற்றிவிட்டுப் புறப்படுவதே குடும்பத்திற்குச் செய்யும் நன்மை.